மூடியில் விளக்கு உள்ள ஸ்கேனர்

1957-இல் அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய அலுவலகத்தில் ரஸ்ஸல் கிர்ஷ் என்பவர் தன் மூன்று மாதக் கைக்குழந்தையின் படத்தை உருளையில் சுற்றிக் கணினிக்குள் ஏற்றினார். 5 செ.மீ. சதுரப் படம், உள்ளே போனது 176க்கு 176 புள்ளிகள். ஆக, கணினிக்குள் போன முதல் புகைப்படமே ஒரு வீட்டுப் படம்தான்.

என் தேடலும் வீட்டுப் படத்தில்தான் ஆரம்பிச்சது. தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் பதினாலு நெகடிவ்கள், எல்லாம் 120 ஃபிலிம், 1950களின் கடைசியில் எடுத்தவை. மூடியைத் திறந்ததும் வினிகர் வாடை. அசிடேட் ஃபிலிம் சிதையும்போது வரும் வாடை அது. தொடங்கிவிட்டால் நிறுத்த முடியாது. குளிர்ச்சியாக வைத்தால் கொஞ்சம் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான்.

வீட்டில் இருந்த ஒல்லி ஸ்கேனரில் வைத்தேன். கறுப்புப் பட்டைதான் வந்தது. அது கீழிருந்து வெளிச்சம் அடித்து, திரும்பி வருவதைப் படிக்கிற ரகம். நெகடிவுக்கு வெளிச்சம் ஊடுருவிப் போகணும், அதாவது மூடியிலும் விளக்கு வேண்டும். தவிர, இந்த ஒல்லி ரகங்களில் இருக்கும் சி.ஐ.எஸ். சென்சாருக்கு கண்ணாடியை ஒட்டி இருப்பது மட்டும்தான் தெளிவாகத் தெரியும். சுருண்ட ஃபிலிம் மங்கிவிடும். லென்ஸும் கண்ணாடிகளும் வைத்த சி.சி.டி. ரகம் கொஞ்சம் உயரத்தையும் பிடிக்கும்.

டி.பி.ஐ. கணக்கை அப்படியே நம்பாதீங்க. நான் செகண்ட் ஹேண்டில் வாங்கிய எப்சன் வி600 பெட்டியில் 6400 என்று போட்டிருக்கும். உண்மையில் கிடைப்பது ஏறக்குறைய கால்வாசி. 35 மி.மீ. ஃபிலிமுக்கு அது பத்தாது. ஆனால் 120 நெகடிவின் சதுரம் 5.6 செ.மீ.; அதற்குத் தாராளம். தூசி நீக்கும் ஐஸ் வசதியை மட்டும் அணைச்சிடுங்க. அது அகச்சிவப்பு ஒளியில் தூசியைத் தேடும். கறுப்பு வெள்ளைப் படத்தின் வெள்ளித் துகளும் அந்த ஒளியை மறிப்பதால், படத்தையே தூசி என்று நினைத்து அழிக்கும்.

மூன்றாவது நெகடிவ் எங்க கூடத்தில் மாட்டியிருக்கும் குடும்பப் படம்தான். பிரிண்டில் ஏழு பேர். திரையில் எட்டு பேர். வலது ஓரத்தில், தூணை ஒட்டி, வெள்ளைப் புடவையில் ஒரு பெண்.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைச்சுட்டு மறுபடி பார்த்தார். "டேய், இது பெரியத்தைடா." தாத்தாவின் அக்கா. பதினாறு வயசில் தாலி அறுத்தவர். அப்பாவை வளர்த்ததே அவர்தான். அவருக்கு ஒரு படம்கூட இல்லை என்றுதான் இத்தனை வருஷமா நினைச்சிருந்தோம்.

சதுர நெகடிவை நீளக் காகிதத்தில் அச்சடித்தால் ஓரம் போகத்தானே செய்யும் என்று முதலில் சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிறகு பிரிண்டைச் சட்டத்திலிருந்து எடுத்து, நெகடிவோடு வைத்து அளந்தேன். இடது ஓரம் ஒரு மி.மீ. கூடக் குறையவில்லை. வெட்டு மொத்தமும் வலது பக்கம்.

முகத்தில் தூணின் நிழல் விழுந்திருக்கு. இந்த வாரம் 16 பிட்டில் அந்த மூலையை மட்டும் மறுபடி ஸ்கேன் செய்யப் போகிறேன்.