குத்துச்சண்டைக் கதைகளும் தோல்வியின் மாண்பும்

ஒரு வடிவில் பிறந்த கதை மற்றொரு வடிவிற்குப் பெயர்வது தமிழகத்திற்குப் புதிதன்று. கீழ்பென்னாத்தூரை உள்ளிட்ட திருவண்ணாமலை வட்டாரத்தில் பாரதக் கதை பிரசங்கமாகவும் தெருக்கூத்தாகவும் படுகளமாகவும் உருமாறி வாழ்கிறது. கர்ண மோட்சக் கூத்தில் வீழப்போகிறவனுக்காகவே மக்கள் விடிய விடியக் கண்விழித்திருக்கின்றனர். வடிவம் மாறினும் தோற்றவனின் மாண்பு அங்கே குறைவதில்லை.

குத்துச்சண்டைத் திரைப்படங்கள் வீடியோ விளையாட்டுகளாக மாறிய வரலாற்றையும் இந்த அளவுகோல் கொண்டு நோக்கலாம். 1976இல் வெளிவந்த 'ராக்கி' படத்தின் நாயகன் இறுதிப் போட்டியில் புள்ளிக் கணக்கில் தோற்கிறான். பதினைந்து சுற்றுகளும் தாக்குப்பிடித்து நின்றதே அவன் அடைந்த பேறு. அப்படத்தின் உயிர்நிலையும் அதுவே.

1982இல் வந்த மூன்றாம் ராக்கி படத்தை ஒட்டி, 1983இல் கொலிகோ நிறுவனம் ஒரு விளையாட்டை வெளியிட்டது. 1987இல் சேகா நிறுவனம் உருவாக்கிய விளையாட்டில் அப்பல்லோ கிரீட், கிளப்பர் லாங், இவான் டிராகோ ஆகிய மூவரையும் ஒருவர்பின் ஒருவராக வென்றாக வேண்டும். தோற்றால் கதை நகராது. படத்தில் பொருள் பொதிந்திருந்த தோல்வி, விளையாட்டில் வெறும் தடையாகச் சுருங்கிற்று.

2015இல் வந்த 'கிரீட்' படத்தின் நாயகனும் புள்ளிக் கணக்கில் தோற்றவனே. 2018இல் அக்கதையுலகைத் தழுவி வந்த மெய்நிகர் விளையாட்டில் ஆடுபவர் தம் கைகளையே வீசுகிறார். அளவின்றிக் குத்தினால் திரையிலுள்ள வீரன் சோர்ந்து வேகம் இழக்கிறான். உடலின் எல்லையை உணர்த்தியதால் இதனை ஒரு முன்னேற்றம் எனலாம்.

இந்தியாவில் 2016இல் வெளிவந்த மல்யுத்தப் படமான 'சுல்தான்', உடுப்பி நிறுவனம் ஒன்றால் கைப்பேசி விளையாட்டாக்கப்பட்டது. தமிழில் 2021இல் பா. இரஞ்சித் இயக்கிய 'சார்பட்டா பரம்பரை', 1970களின் வடசென்னையைக் காட்டியது. அதன் நாயகன் கபிலன் சிறையாலும் குடியாலும் சிதைந்து, பின்னரே எழுகிறான். பரம்பரைப் பெருமையும் சாதி இழிவும் நெருக்கடி நிலைக்கால அரசியலும் அவன் கையுறைக்குள் இருக்கின்றன. அக்கதையை விளையாட்டாக்க முனைபவர் குத்துகளை மட்டும் எடுத்துக்கொண்டால் சக்கையே மிஞ்சும்.

விளையாட்டு என்னும் வடிவம் தாழ்ந்ததன்று. தோற்றவனுக்கும் அடுத்த காட்சி உண்டு என்னும் கூத்தின் அறத்தை அது கற்க வேண்டும். தழுவி எழுதும் கவிஞருக்கும் இது பொருந்தும்: மூலத்தின் வெற்றியை எடுத்தாள்வது எளிது, அதன் காயத்தையும் உடன் கொணர்வதே தழுவல்.