குற்றாலத்துல 'கிளைமேட் சூப்பர்'னு சொல்றோமே... அதை எப்படி அளப்பது? லண்டன் கணக்கு இங்கே பொருந்துமா?

ஜூன் பிறந்துவிட்டால் தென்காசிக்காரர்களுக்கு வெளியூரில் இருந்து வரும் போன்களில் முதல் கேள்வி ஒன்றுதான்: "சீசன் எப்படி இருக்கு?"

இதற்கு யாரும் டிகிரியில் பதில் சொல்வதில்லை. "சாரல் அடிக்குது", "காத்து நல்லா இருக்கு", "ரெண்டு நாளா வெயிலு, சீசன் டல்லு" என்றுதான் பதில் வரும். ஆனால் அதே நேரத்தில் செல்போனில் இருக்கும் வானிலை ஆப் '29 டிகிரி, உணரும் வெப்பம் 33' என்று காட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டு டிக்கெட்டை ரத்து செய்தவர்களும் உண்டு!

யார் சொல்வது சரி? ஒரு ஊரின் வானிலை இதமாக இருக்கிறதா இல்லையா என்பதை மார்க் போட்டுச் சொல்ல முடியுமா?

மார்க் போட ஒரு முறை இருக்கிறது

1985-ல் மியெச்கோவ்ஸ்கி என்ற ஆய்வாளர் 'சுற்றுலா வானிலைக் குறியீடு' என்ற ஒன்றை உருவாக்கினார். மொத்தம் 100 மார்க். பகல் நேர வெப்பமும் ஈரப்பதமும் உடம்புக்கு ஒத்துவருகிறதா என்பதற்கு 40, நாள் முழுவதுக்குமான சராசரி இதத்துக்கு 10, மழை குறைவாக இருந்தால் 20, வெயில் அதிக நேரம் இருந்தால் 20, காற்றுக்கு 10.

கவனித்தீர்களா? வெயில் அடித்தால் மார்க் கூடும், மழை பெய்தால் குறையும். ஒரு மாதத்தில் 150 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்தால் மழைக்கான மார்க் பூஜ்யம். 2016-ல் வேறு ஆய்வாளர்கள் இதைத் திருத்திப் புதுக் குறியீடு கொண்டு வந்தார்கள். அதில் மழைக்கான பங்கு 30 ஆகக் கூடியதே தவிர, திசை மாறவில்லை.

லண்டனில் வசிப்பவருக்கு இது நியாயமான கணக்கு. அங்கே வருஷத்தில் பாதி நாள் சாம்பல் நிற வானம். ஜூலையில் பகல் வெப்பம் 23, 24 டிகிரி. வெயில் வந்தால் பூங்காவில் போய்ப் படுத்துக்கொள்வார்கள். அங்கே தொடர்ந்து மூன்று நாள் 28 டிகிரியைத் தொட்டாலே அது 'வெப்ப அலை'. நம் ஊர் சமவெளியில் வெப்ப அலை என்ற பேச்சை எடுக்கவே இந்திய வானிலை ஆய்வு மையத்துக்குக் குறைந்தது 40 டிகிரி வேண்டும். 28 டிகிரி என்றால் தென்காசியில் 'குளுகுளு' என்று செய்தி போடுவோம்!

மழையிலும் ஒரு ஆச்சரியம். மழை ஊர் என்று பெயர் வாங்கிய லண்டனில் வருஷத்துக்குப் பெய்வது சுமார் 600 மில்லிமீட்டர்தான். சென்னையில் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல்.

ஆக, குற்றாலத்துக்கு இந்த முறையில் மார்க் போட்டால் என்ன ஆகும்? ஆனி, ஆடி மாதங்களில் நாம் தேடிப் போவதே மேகமும் சாரலும்தான். வெயிலுக்கான 20 மார்க்கில் பெரும்பகுதி போய்விடும். மழைக் கணக்கோ இன்னும் குழப்பம். நாள் முழுக்கச் சாரல் அடித்தாலும் மழைமானியில் சில மில்லிமீட்டர்தான் சேரும். சட்டை நனைந்திருக்கும், அளவு சிறியதாக இருக்கும். சாரல் என்ற ஒன்றே அந்தக் கணக்கில் இல்லை.

குற்றாலம் மலை ஊரே இல்லை

இதுதான் பலருக்குத் தெரியாத விஷயம். ஊட்டி குளிர்வது உயரத்தால். கடல் மட்டத்தில் இருந்து 2,200 மீட்டர் மேலே இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். ஆனால் குற்றாலம் இருப்பது மலை அடிவாரத்தில், சுமார் 170 மீட்டர் உயரத்தில்தான். ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தென்காசியை விடக் கொஞ்சம்தான் மேடு. உயரத்தால் கிடைக்கும் குளிர்ச்சி கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை.

அப்படியானால் குளிர்ச்சி எங்கிருந்து வருகிறது? மேற்கே இருந்து.

தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, அங்கேயே மழையைக் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி இறங்கும் காற்று, 100 மீட்டர் இறங்கினால் சுமார் ஒரு டிகிரி வீதம் சூடாகிறது. அதனால்தான் கேரளாவில் மழை கொட்டும்போதும் திருநெல்வேலி வறுபடுகிறது. ஆனால் செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவு பக்கம் மலைத்தொடர் தாழ்ந்து ஒரு வாசல் போலத் திறந்திருக்கிறது. கொல்லம் ரயில் பாதை 1904-ல் மலையைக் கடந்ததும் அந்த வாசல் வழியாகத்தான். மேகமும் அதே வழியைத்தான் பிடிக்கிறது. முழு மழையையும் இறக்கி வைக்காமல், மிச்ச ஈரத்தோடு இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறது. அந்த மிச்சம்தான் சாரல்.

காற்றும் அங்கே நெருக்கப்படுவதால் வேகம் கூடுகிறது. சுரண்டை பக்கம் வயல்களுக்கு நடுவே காற்றாலைகள் வரிசையாக நிற்பதும் இதே காற்றை நம்பித்தான். குற்றாலத்தில் துண்டைப் பறக்க விடும் காற்று, கிழக்கே போனால் கரண்ட் ஆகிவிடுகிறது.

இதில் இருந்து ஒன்று புரியும். இங்கே குளிர்ச்சி என்பது மேகம், காற்று, சாரல் மூன்றும் சேர்ந்தால் வருவது. மூன்றும் நின்றால் குளிர்ச்சியும் நின்றுவிடும். மேகம் விலகி இரண்டு நாள் வெயில் அடித்தால் குற்றாலமும் சாதாரண சமவெளி ஊர்தான். ஊட்டியில் வெயில் அடித்தாலும் உயரம் கைகொடுக்கும், இங்கே அது கிடையாது.

'உணரும் வெப்பம்' ஏன் தப்புகிறது?

நம் தோலின் வெப்பம் சுமார் 33 முதல் 35 டிகிரி. காற்று அதைவிடக் குளிர்ந்து இருந்தால், வீச வீச உடம்புச் சூட்டை எடுத்துச் செல்லும். அதைவிடச் சூடாக இருந்தால் அதே காற்று அனல். மியெச்கோவ்ஸ்கியும் இதைக் கணக்கில் எடுத்திருந்தார். பகல் வெப்பம் 24 முதல் 33 டிகிரி வரை இருக்கும் ஊர்களில் மிதமான காற்றுக்கு அதிக மார்க் கொடுத்தார். குற்றாலம் தேறும் இடம் இது.

ஆனால் 'உணரும் வெப்பம்' என்று பல ஆப்கள் காட்டும் எண், சூடான நாட்களில் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் மட்டும் வைத்துப் போடும் கணக்கு. காற்று லேசாக வீசுவதாக அதில் வைத்துக்கொள்வார்கள். ஆளைத் தள்ளும் ஆடிக் காற்று அதில் சேராது.

இன்னொரு சிக்கலும் உண்டு. உலக அளவிலான வானிலை மாதிரிகள் பூமியைச் சுமார் 9 முதல் 13 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. குற்றாலம் மலை, அருவிக்கரை, தென்காசி பஸ் ஸ்டாண்ட் எல்லாம் ஒன்றிரண்டு கட்டத்துக்குள் அடங்கிவிடும். மலை ஓரத்துச் சாரல் அதில் கரைந்து போகும்.

அதற்காக ஈரப்பதத்தை ஒதுக்கிவிடவும் முடியாது. வெப்பம் 24 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்றின் பனிநிலை, அதாவது ஈரம் நீராக மாறத் தொடங்கும் வெப்பம், சுமார் 22 டிகிரி. லண்டன்காரருக்கு அது புழுக்கம். அருவியில் குளித்துக் காற்றில் நிற்கும் நமக்கு அது சொர்க்கம். ஆனால் லாட்ஜ் அறைக்குள் ஜன்னலை அடைத்துவிட்டுப் படுத்துப் பாருங்கள். துவைத்த துணி மறுநாளும் காயாது, நமக்கும் கசகசக்கும். மிதவெப்ப நாட்டில் இருந்து வந்த ஆங்கிலேய அதிகாரிகளே திருநெல்வேலி வெயிலுக்குப் பயந்து இங்கே வந்து தங்கினார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எதிலிருந்து தப்பித்து வருகிறோம் என்பதும் இதத்தில் பாதி.

இதமான வானிலையும் ஆபத்தும்

எந்தக் குறியீட்டிலும் இல்லாத ஒரு விஷயம் இங்கே இருக்கிறது. நீங்கள் நிற்கும் இடத்து வானிலையும், உங்கள் தலையில் விழும் தண்ணீரின் வானிலையும் வேறு வேறு.

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்தது. 17 வயது சிறுவன் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். அது சீசன் தொடங்குவதற்கு முந்தைய கோடை மழைக் காலம். சாரல் போல மெல்லப் பரவாமல், கோடை இடிமழை மலைமேல் ஒரே இடத்தில் கொட்டும். செங்குத்தான பாறைச் சரிவு என்பதால் அந்தத் தண்ணீர் கீழே வர அதிக நேரம் ஆகாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும் இதே கதைதான். 2024 டிசம்பரிலும் அருவிகளில் காட்டு வெள்ளம் வந்தது.

ஆகவே குற்றாலம் கிளம்பும் முன் ஆப்பில் டிகிரி பார்ப்பதைவிட, மேற்கே மலையில் மேகம் இறங்கியிருக்கிறதா, காற்று வீசுகிறதா என்று அங்கே இருப்பவரிடம் கேட்பது நல்லது. மேகமும் காற்றும் இருந்தால் சீசன் இருக்கிறது. கூடவே நீர்ப்பிடிப்புப் பகுதியில் மழை எச்சரிக்கை உண்டா, குளிக்கத் தடை போட்டிருக்கிறார்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அருவியில் நிற்கும்போது தண்ணீர் கலங்கலாக மாறினாலோ, இலை தழை குச்சிகள் சேர்ந்து வந்தாலோ, இரைச்சல் திடீரென்று கூடினாலோ போலீஸ் விசிலுக்குக் காத்திருக்க வேண்டாம், உடனே வெளியே வந்துவிடுங்கள். பேரருவியில் தண்ணீர் ஆர்ச்சைத் தாண்டி விழுந்தால் அன்றைக்குக் குளியல் கிடையாது. அதை தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, செங்கோட்டை ரோட்டில் பார்டர் பரோட்டா சாப்பிடப் போகலாம். சாரல் அங்கேயும் அடிக்கும்.