மஞ்சளும் கடலும்: தீவக மருத்துவ மரபு பற்றிய ஒரு குறிப்பு

தமிழ் மருத்துவ வரலாற்றை ஏடுகளைக் கொண்டே எழுதுவது நமது வழக்கம். மருந்துப் பொருள் மக்கள் கைக்கு எவ்வாறு வந்தது என்னும் வினாவை நாம் பெரிதும் எழுப்புவதில்லை. ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, நயினாதீவு ஆகியன இவ்வினாவுக்குத் தக்க களமாகும். புண்ணுக்குப் பற்றாகவும், தடிமனுக்குப் பாலிலும், அம்மை கண்ட வீட்டில் வேப்பிலையோடும் மஞ்சள் அங்கு வழங்கிற்று. ஆயின், ஈரமும் ஆழ்ந்த மண்ணும் வேண்டும் அப்பயிருக்குச் சுண்ணக்கல்லும் உவர்நீரும் மிக்க தீவக நிலம் ஏற்றதன்று. வீட்டு மருந்து எனப்பட்டது உண்மையில் வாணிகப் பொருளே.

மஞ்சளின் புண்ணாற்றும் பயனுக்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. அது மரபறிவே என நிறுவி, இந்திய அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றம் 1997இல் அதனை நீக்குவித்தது. அறிவு மீட்கப்பட்டது, பொருளின் நிலை வேறாயிற்று. உள்ளூர் உற்பத்தியைப் பெருக்கும் நோக்குடன் இலங்கை அரசு 2019 டிசெம்பரில் மஞ்சள் இறக்குமதியை நிறுத்தியது. மறு ஆண்டு கொரோனாத் தொற்றுப் பரவியபோது, மஞ்சள் அந்நோயைத் தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லாதிருந்தும் தேவை பெருகிற்று. விலை பன்மடங்கு உயர்ந்தது. பாக்குநீரிணையூடாகப் படகில் வந்த மஞ்சள் கடத்தற் பொருளாயிற்று.

பொருள் எட்டாதவிடத்து அறிவு மட்டும் புண்ணை ஆற்றாது. ஆகவே, மருந்தின் வரலாறு அதனை யார் பெற்றனர், யார் பெற்றிலர் என்பதன் வரலாறுமாதல் வேண்டும்.