மணியோசையில் பிறந்த பாடப்புத்தகம்

தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம் எது என்று கேட்டால் ‘தம்பிரான் வணக்கம்’ என்று பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். 1578, கொல்லம், 16 பக்கம் என்று வினாவிடைப் புத்தகங்களில் அதற்கு ஒரு வரி உண்டு. அது யாருக்காக அச்சானது என்பதுதான் என்னை விடாமல் இழுக்கிறது. தென்தமிழகக் கடற்கரையான முத்துக்குளித்துறையின் சிற்றூர்களில், கோயிலை ஒட்டி நடந்த கிறிஸ்தவ ஞானோபதேச வகுப்புகளுக்கான பாடம் அது. காகிதத்தில் ஏறுவதற்கு 36 ஆண்டுகள் முன்பே கடற்கரை மணலில் அந்தப் பாடம் தொடங்கிவிட்டது.

1542 அக்டோபரில் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தார். இங்கே மீன்பிடித்தும் முத்துக்குளித்தும் வாழ்ந்த பரதவர்கள் ஞானஸ்நானம் பெற்று ஐந்தாறு ஆண்டுகள் ஆகியிருந்தன; சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் இல்லை. சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. தமிழும் போர்த்துக்கீசியமும் அறிந்தவர்களைக் கூட்டி உட்காரவைத்து, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள், பரலோக மந்திரம் எல்லாவற்றையும் தமிழாக்கி, தாமே மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்தார். ஓசை கேட்டுப் பிள்ளைகள் கூடுவார்கள். ஒரு நாளைக்கு இரண்டு வேளைப் பாடம். கற்றதை வீட்டில் தாய் தகப்பனுக்கும் அண்டை அயலாருக்கும் சொல்லித்தர வேண்டும் என்பது அவர் வைத்த விதி. ஒரு ஜெபமாவது சொல்லித்தராமல் தம்மை உண்ணவோ உறங்கவோ பிள்ளைகள் விடவில்லை என்று அவர் கடிதம் எழுதியிருக்கிறார். புத்தகம், பலகை, கூரை எதுவும் இல்லாத பள்ளி அது. பாடம் வாய்க்கு வாய் போனது.

அவர் அடுத்த ஊருக்குப் போகும்போது பாடத்தை எழுதிவைத்துவிட்டு, அதைத் தொடர்ந்து நடத்த ஊருக்கு ஒரு கணக்கப்பிள்ளையை அமர்த்தினார். அவர்களுக்குச் சம்பளம்? முத்துக்கரையிலிருந்து ஆண்டுதோறும் 4,000 பணம் போர்த்துக்கல் அரசி கத்தரீனாளின் பாதணிச் செலவுக்கென்று போய்க்கொண்டிருந்தது. அதை ஆசிரியர்களுக்குத் தரும்படி சவேரியார் அரசியிடம் கேட்டுப் பெற்றார். இந்தக் கரையின் பிள்ளைகளைவிட நல்ல பாதணி மோட்சத்துக்கு ஏறக் கிடைக்காது என்பது அவர் சொன்ன நியாயம். முத்துக்குளித்தவன் மூச்சடக்கிச் சம்பாதித்த பணம் அவன் பிள்ளையின் படிப்புக்கே திரும்பி வந்தது.

அடுத்த கட்டத்தில் தமிழ்ப் பாடம் கடல் தாண்டியது. 1554 பிப்ரவரி 11 அன்று லிஸ்பனில் ‘கார்த்தில்யா’ என்னும் சிறு நூல் கறுப்பு, சிவப்பு இரண்டு மையில் அச்சானது. தமிழும் போர்த்துக்கீசியமும் அடுத்தடுத்து வந்தன. ஆனால் தமிழ் வரிகள் ரோமன் எழுத்தில் இருந்தன. ழகரத்துக்கும் றகரத்துக்கும் எழுத்தே இல்லாத உடையில் நம் மொழி முதன்முதலாக அச்சேறியது. வெளியிலிருந்து வந்த குருவுக்கு அது உதவியிருக்கும். கரையில் உட்கார்ந்து படிக்கும் பிள்ளைக்கு அதில் என்ன இருக்கிறது?

அந்தக் குறையைத் தீர்த்தவர் அண்ட்ரிக் அடிகளார். என்றீக்கே என்றீக்கஸ் என்ற இந்தப் போர்த்துக்கீசியக் குரு 1547இல் இந்தக் கரைக்கு வந்து, புன்னைக்காயலை மையமாகக் கொண்டு சாகும்வரை இங்கேயே இருந்தார். பேசக் கற்றதோடு நிற்காமல் தமிழுக்கு இலக்கணமும் எழுதினார். தமிழ் எழுத்திலேயே பாடம் அச்சாக வேண்டும் என்று அவர் முனைந்தபோது, பொருள் கொடுத்தவர்கள் பரதவர்கள்தான். 1577இல் கோவாவிலும் 1578இல் கொல்லத்திலும் எழுத்துகள் வார்க்கப்பட்டன. ஓலையில் வளைந்து பழகிய எழுத்து உலோகத்தில் நிமிர்ந்து நின்றது. அந்த இரண்டு வார்ப்புகளின் மாதிரியும் நூலின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.

1578 அக்டோபர் 20. உள்ளங்கையில் அடங்குகிற 16 பக்கப் புத்தகமாக ‘தம்பிரான் வணக்கம்’ வெளிவந்தது. ஓலைச்சுவடியில் உள்ளதுபோலவே மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இல்லை. மறு ஆண்டே கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’ வந்தது. 1586இல் புனிதர் வரலாறுகளைச் சொல்லும் பெருநூல் வந்தது. அடிகளார் 1600இல் இறந்தார்.

‘தம்பிரான் வணக்க’த்தில் இன்று ஒரே ஒரு படிதான் எஞ்சியிருப்பதாகத் தெரிகிறது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து ஹூட்டன் நூலகத்தில், காற்றும் ஈரமும் அளவாக்கிய அறையில் அது இருக்கிறது. இந்தக் கரையில் ஒரு படியும் மிஞ்சவில்லையே என்று முதலில் மனம் கனத்தது. யோசித்தால், பாடப்புத்தகத்தின் விதி அதுதானே. உப்புக்காற்றில், ஈரக் கையில், அண்ணன் படித்ததைத் தம்பி வாங்கிப் படித்துக் கிழிந்து போவதற்குத்தான் அது பிறக்கிறது. பெட்டியில் பூட்டிவைத்த படி பிழைத்தது. பிள்ளைகள் படித்த படிகள் தேய்ந்தன.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இந்தக் கரைக் கோயில்களில் மறைக்கல்வி வகுப்பு தொடங்கும். ஒருவர் முன்னே சொல்ல, பிள்ளைகள் பின்னே ராகம் போட்டுச் சொல்வார்கள். சொற்கள் எத்தனையோ முறை திருத்தப்பட்டுவிட்டன. மணியடித்ததும் கூடுவதும், கேட்டதைத் திருப்பிச் சொல்வதும், வீட்டுக்குப் போய் அம்மாவிடம் ஒப்பிப்பதும் மாறவில்லை.