நொறுங்கிய காரும் அதன் சான்றிதழும்

விபத்தில் நொறுங்கிய ஒரு காரை இனி உதவாது என்று தள்ளும் முடிவு, அமெரிக்காவில் பெரும்பாலும் காப்பீட்டு நிறுவனத்தின் கணக்கேட்டில்தான் எடுக்கப்படுகிறது. பழுது நீக்க ஆகும் செலவு, விபத்துக்கு முன் அந்தக் கார் சந்தையில் பெற்றிருக்கக்கூடிய விலையை நெருங்கும்போதோ தாண்டும்போதோ, உரிமையாளருக்கு அந்த விலையைக் கொடுத்துவிட்டு வண்டியைத் தானே எடுத்துக்கொள்வது நிறுவனத்துக்குச் சிக்கனமாகிறது; அவ்வாறு கணக்குத் தீர்க்கப்பட்ட வண்டி 'முழு இழப்பு' எனப்படுகிறது, நிறுவனத்தின் கைக்கு வந்து மறுவிற்பனைக்குக் காத்திருக்கும் நிலையில் 'சால்வேஜ்' என்று பெயர் பெறுகிறது. எவ்வளவு சேதம் முழு இழப்பாகும் என்பதில் மாநிலங்கள் ஒத்துப்போவதில்லை. நியூயார்க் 75 விழுக்காட்டையும் புளோரிடா 80 விழுக்காட்டையும் எல்லையாகக் கொள்ள, டெக்சாஸ் 100 விழுக்காடு வரை பொறுக்கிறது. கலிபோர்னியா போன்றவை பழுதுச் செலவோடு சிதைந்த வண்டிக்கு ஏலத்தில் கிடைக்கும் தொகையையும் கூட்டி, அக்கூட்டுத்தொகை சந்தை விலையை மிஞ்சுகிறதா என்று பார்க்கின்றன. ஒரே வகைக் கார், ஒரே மாதிரி அடி வாங்கியும், ஓரிடத்தில் கழிக்கப்பட்டு வேறிடத்தில் ஓடிக்கொண்டிருப்பதற்கு இந்த வேறுபாடே காரணம். வேறுபாட்டிலிருந்து இலாபம் எடுக்கும் தொழிலாகவே சேதமுற்ற கார்களை வாங்கிச் சீர்செய்து விற்கும் வணிகம் வளர்ந்தது. சட்டம், கூலி, காகிதம் ஆகிய மூன்றிலும் ஊருக்கு ஊர் இருக்கும் ஏற்றத்தாழ்வே அதன் முதலீடு.

இத்தொழிலின் வேர், காப்பீடு பரவலாவதற்கு முன்பே அமெரிக்க நகரங்களின் ஓரங்களில் முளைத்த உடைப்புக் கடைகளில் இருக்கிறது. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி எண்ணிக்கையில் வெளிவந்த ஃபோர்டு மாடல் டி, ஒரு வண்டியின் பாகம் மற்றொன்றுக்கு அப்படியே பொருந்தும்படி செய்யப்பட்டிருந்ததால், ஓடாத வண்டியிலிருந்து கழற்றிய அச்சும் விளக்கும் ஓடும் வண்டியின் உரிமையாளருக்குத் தேவைப்படும் பொருள்களாயின. தமிழ்நாட்டில் காயலான் கடை என்று வழங்கும் பழைய இரும்புக் கடை அங்கே பாகங்களை விற்கும் கடையாக மாறியது இவ்வாறுதான். 1930களின் தொடக்கத்தில் ஃபோர்டு நிறுவனமே தன் ரூஜ் ஆலையில் பழைய கார்களைப் பிரித்தெடுக்கும் வரிசை ஒன்றை நடத்தியிருக்கிறது. இரண்டாம் உலகப் போர் இக்கடைகளுக்கு இருபுறமும் நெருக்கடியைக் கொண்டுவந்தது. 1942 பிப்ரவரியில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தி நிறுத்தப்பட்டதால் பழைய பாகங்களின் தேவை ஏறியது. அதே வேளையில் போர்த்தளவாடங்களுக்கு இரும்பு வேண்டும் என்று அரசு அவ்வண்டிகளையே கேட்டது. உடைப்புத் தொழிலினர் 1943இல் நாடளாவிய சங்கமாகத் திரண்டதை இந்தச் சூழலோடு சேர்த்துப் பார்ப்பதே பொருந்தும். சாலையோரத்தில் குவிந்து கிடந்த துருப்பிடித்த கார்கள் பின்னர் கண்ணுக்கு உறுத்தலாகத் தோன்றவே, குடியரசுத் தலைவர் ஜான்சனின் மனைவி லேடி பேர்ட் ஜான்சன் முன்னின்று ஆதரித்த 1965ஆம் ஆண்டு நெடுஞ்சாலை அழகூட்டல் சட்டம், முதன்மைச் சாலைகளிலிருந்து 1,000 அடிக்குள் இருக்கும் உடைப்புக் களங்களை வேலியிட்டு மறைக்கவோ அகற்றவோ வழிசெய்தது.

சீர்செய்யும் கலையும் இக்காலத்தில் மாறிக்கொண்டே வந்தது. தொடக்ககாலக் கார்களில் கனத்த இரும்பு அடிச்சட்டத்தின் மேல் உடற்கூடு தனியாகப் பொருத்தப்பட்டிருந்ததால், மோதலில் கூடு நசுங்கினாலும் சட்டம் நேராக இருந்தால் வண்டி மீண்டுவிடும். வளைந்த சட்டத்தையும் சங்கிலி பூட்டி இழுத்து நிமிர்த்த முடிந்தது. நசுங்கிய தகட்டை உள்ளிருந்து இரும்புக் கட்டையால் தாங்கிக்கொண்டு வெளியிலிருந்து சுத்தியலால் தட்டித் தட்டிப் பழைய வளைவுக்குக் கொண்டுவரும் டிங்கரிங் தொழிலாளி, எஞ்சிய பள்ளத்தை உருக்கிய ஈயக் கலவையால் நிரப்பி அரத்தால் ராவினார். அவருடைய கைத்திறனை வண்டியின் ஒவ்வொரு அங்குலமும் வேண்டிற்று. 1950களின் நடுவில் பாலியஸ்டர் பட்டி கடைக்கு வந்த பிறகு, தகட்டை முழுமையாகத் தட்டி எடுக்காமலேயே பள்ளத்தை மூடி, தேய்த்து, பெயின்ட் அடித்துவிடும் வழி திறந்தது. நல்ல தொழிலாளிக்கும் அவசரக்காரருக்கும் இடையிலான வித்தியாசம் வாங்குபவரின் கண்ணுக்குத் தெரியாமல் போனது இந்தப் பட்டிக்குப் பின்னரே என்று கொள்ளலாம்.

1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின், எடையைக் குறைக்கும் பொருட்டு, தனிச் சட்டம் இல்லாமல் உடற்கூடே வண்டியின் பாரத்தைத் தாங்கும் அமைப்புக்கு அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் பெருமளவில் மாறினர். மோதலின் விசையை மடிந்து உள்வாங்கும்படி வடிவமைக்கப்பட்ட அத்தகைய கூட்டில் ஓரிடத்து அடி பல அடிகள் தள்ளியுள்ள இணைப்பிலும் திரிபை உண்டாக்கும் என்பதால், அளவுமேடையில் பூட்டி, குறித்த புள்ளிகளை அளந்து இழுக்க வேண்டிய நிலை வந்தது. முன்புறம் நொறுங்கிய ஒரு காரையும் பின்புறம் நொறுங்கிய அதே மாடல் கார் ஒன்றையும் வாங்கி, இரண்டையும் குறுக்கே அறுத்து, நல்ல பாதிகளைப் பற்றவைத்து ஒரே காராக்கும் வழக்கமும் இருந்தது. நுணுக்கமாக அளந்து, உள்ளே தாங்குதகடு வைத்துப் பற்றவைத்தால் அவ்வண்டி நன்றாகவே ஓடும். பற்றவைப்பு மேலோட்டமாக இருந்தால் அடுத்த மோதலில் அதே கோட்டில் பிளந்துவிடும். இரண்டையும் வெளிப்பூச்சைப் பார்த்துப் பிரித்தறிய இயலாது. விலை மட்டும் மலிவாயிருப்பதற்கான காரணம் வாங்குபவருக்குச் சொல்லப்படாத இடத்தில்தான் இத்தொழில் அறம் தவறியது. சீர்செய்தல் என்ற செயலில் இழுக்கு ஏதுமில்லை.

காப்பீட்டு நிறுவனங்கள் தம் கையில் சேர்ந்த வண்டிகளைத் தொடக்கத்தில் உள்ளூர் உடைப்புக் கடைக்காரர்களிடம் கேட்ட விலைக்குத் தள்ளிவந்தன. அவ்வட்டம் சிறியது, போட்டியும் குறைவு. 1982இல், தாமே வண்டி உடைக்கும் தொழிலிலிருந்து வந்த வில்லிஸ் ஜான்சன் கலிபோர்னியாவின் வலேஹோ நகரில் கோபார்ட் நிறுவனத்தைத் தொடங்கினார்; அதன் முதன்மைப் போட்டியாளரான இன்ஷூரன்ஸ் ஆட்டோ ஆக்ஷன்ஸ் நிறுவனத்தின் பிறப்பும் அதே ஆண்டில்தான். வண்டிகளை ஒரே களத்தில் நிறுத்திப் பலரையும் கூவ வைக்கும் இந்த ஏலமுறையில், ஏலக்காரரின் ஊதியம் விற்ற விலையின் விழுக்காடாக அமைந்தபோது, வண்டி அதிக விலைக்குப் போவதில் அவருக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஒரே நலன் உண்டாயிற்று. 2003இல் கோபார்ட் தன் ஏலங்களை இணையத்துக்கு முழுமையாக மாற்றியதோ இதைவிடப் பெரிய திருப்பம். களத்துக்கு நேரில் வந்து, பானெட்டைத் திறந்து, அடியில் குனிந்து பார்த்து விலை சொன்னவரின் இடத்தில், கடலுக்கு அப்பால் அமர்ந்து ஒரு சில படங்களைப் பார்த்து விலை சொல்பவர் வந்து சேர்ந்தார்.

வண்டிக்கு நேர்ந்தது வாங்குபவருக்குத் தெரிய வேண்டுமானால் அது காகிதத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். நம் ஊர் ஆர்.சி. புத்தகத்தின் இடத்தில் அங்கே ஒவ்வொரு மாநிலமும் வழங்கும் உரிமைச் சான்றிதழ் இருக்கிறது. முழு இழப்பான வண்டியின் சான்றிதழில் 'சால்வேஜ்' என்ற முத்திரை விழும்; சீர்செய்து சோதனையில் தேறிய பின் அது 'மறுசீரமைக்கப்பட்டது' என்று மாறும்; இம்முத்திரை விலையைக் கணிசமாகக் குறைக்கும். விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறியதால், முத்திரை விழுந்த வண்டியை, அதைப் பதிவுசெய்யாத வேறொரு மாநிலத்துக்குக் கொண்டுபோய் மறுபதிவு செய்து தூய சான்றிதழ் பெறுவது எளிதாயிற்று. இதைச் சான்றிதழைக் கழுவுதல் என்பர். இதனினும் கொடியது, சிதைந்த காரை அதன் சான்றிதழுக்காகவும் சேஸிஸ் எண்ணுக்காகவும் மட்டும் வாங்கி, அதே மாடல் கார் ஒன்றைத் திருடி, திருட்டுக் காரில் இறந்த காரின் எண் தகட்டைப் பொருத்திவிடுவது. 1981 மாடல் முதல் எல்லாக் கார்களுக்கும் 17 குறிகள் கொண்ட ஒரே முறையிலான எண் கட்டாயமாயிற்று. ஒன்று, சுழியம் ஆகியவற்றோடு குழம்பாதிருக்க ஐ, ஓ, க்யூ ஆகிய ஆங்கில எழுத்துகள் விலக்கப்பட்டன, ஒன்பதாவது குறி மற்றவற்றின் சரிமையைச் சோதிக்கும் இலக்கமாயிற்று. 1984ஆம் ஆண்டுச் சட்டம், அதிகம் திருடுபோகும் மாடல்களில் கதவு, பானெட், எஞ்சின் போன்ற பாகங்களிலும் எண் பொறிக்கச் செய்தது. மாநிலங்களின் பதிவேடுகளை ஒன்றோடொன்று இணைக்கும் தேசியத் தகவலமைப்பை 1992ஆம் ஆண்டுச் சட்டம் கோரியபோதும், காப்பீட்டு நிறுவனங்களும் உடைப்புக் களங்களும் அதற்குத் தகவல் தரத் தொடங்கியது 2009இல்தான். பதினேழு ஆண்டுத் தாமதத்தின் விலையை இரண்டாம் கை, மூன்றாம் கை வாங்குபவர்கள் கொடுத்தார்கள்.

அந்த இடைவெளியில் நடந்தவற்றுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. 2005 ஜனவரியில், நாட்டின் மிகப்பெரிய கார் காப்பீட்டு நிறுவனமான ஸ்டேட் ஃபார்ம், முழு இழப்பான ஆயிரக்கணக்கான கார்கள் உரிய முத்திரை இல்லாமல் தன் கையிலிருந்து விற்கப்பட்டதற்காக, ஏறத்தாழ 4 கோடி டாலர் இழப்பீடு தர மாநில அரசுகளோடு உடன்பாடு செய்துகொண்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸ் பகுதியில் லட்சக்கணக்கான கார்களை மூழ்கடித்தது. மோதிய காரின் காயம் ஓரிடத்தில் நிற்கும். உப்புநீரில் மூழ்கிய காரிலோ கம்பி இணைப்புகளும் மின்னணுப் பலகைகளும் மாதங்கள் கழித்து அரிக்கத் தொடங்கும், வெளியே ஒரு கீறலும் இராது. காயவைத்து, இருக்கைத் துணியை மாற்றிப் பல மாநிலங்களுக்கு அனுப்பப்பட்ட இவ்வண்டிகளுக்கெதிராக, காப்பீட்டுத் துறையின் குற்றத் தடுப்பு அமைப்பு சேஸிஸ் எண் பட்டியல் ஒன்றைப் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிட்டது.

பிரிட்டனில் இதே சிக்கலைக் காப்பீட்டாளர் சங்கத்தின் நெறிமுறை வகைப்பாட்டால் கையாண்டது: ஏ முழுவதும் நசுக்கப்பட வேண்டியது, பி பாகங்களுக்காக மட்டும் உடைக்கத் தக்கது, சி, டி என்ற செலவு சார்ந்த பிரிவுகள் 2017 அக்டோபர் முதல், கட்டமைப்புச் சேதம் உண்டா இல்லையா என்று சுட்டும் எஸ், என் ஆகியவையாக மாறின. பழுதின் விலையைச் சொல்வதை விட்டு அதன் தன்மையைச் சொல்லத் தொடங்கிய இம்மாற்றம், வாங்குபவரின் நோக்கில் பார்த்தால், அமெரிக்க முறையைவிட நேர்மையானது.

அமெரிக்காவில் முழு இழப்பாகும் கார்களின் எண்ணிக்கையைக் கூட்டியதில் பாதுகாப்புச் சாதனங்களுக்கே பெரும் பங்குண்டு. 1998 மாடல் முதல் எல்லாப் பயணிகள் கார்களிலும் முன்புற ஏர்பேக்குகள் இரண்டு கட்டாயமாயின. அவை ஒருமுறை விரிந்துவிட்டால் பையோடு டேஷ்போர்டு, உணரிகள், கட்டுப்பாட்டுப் பெட்டி முதலியவற்றையும் மாற்ற வேண்டிவருவதால், ஓட்டத்துக்கு எக்குறையும் இல்லாத சில ஆண்டுப் பழைய கார்கூடக் கணக்கில் தோற்றுவிடும். பின்னாளில் பம்பருக்குள் புகுந்த ரேடாரும் கேமராவும் இச்செலவை மேலும் ஏற்றின. மனித உயிரைக் காத்த சாதனம் காரைக் கழித்துவிட்ட இந்நிலையில், உழைப்பு மலிவாயுள்ள நாடுகளுக்கு நல்ல வண்டிகள் குறைந்த விலைக்குக் கிடைத்தன.

அவ்வாறு எழுந்த ஊர்களுள் ஜார்ஜியா நாட்டின் ருஸ்தாவி முதன்மையானது. தலைநகர் திபிலீசிக்குத் தென்கிழக்கே உள்ள இந்நகரம் 1940களில் சோவியத் அரசால் எஃகு ஆலைக்காகவே எழுப்பப்பட்டது. சோவியத் ஒன்றியம் சிதைந்தபின் ஆலை நலிந்து, இரும்பு வேலை தெரிந்த பல கைகள் வேலையற்று நின்றன. 2003ஆம் ஆண்டு ரோஜாப் புரட்சிக்குப் பின் வந்த அரசு, லஞ்சத்துக்குப் பேர்போன போக்குவரத்துக் காவல் படையை 2004இல் கலைத்தது. வாகனப் பதிவைச் சில நிமிடங்களில் முடியும் வேலையாக்கியது. கட்டாயத் தொழில்நுட்பப் பரிசோதனையையும் கைவிட்டது. கருங்கடல் துறைமுகமான போத்தியில் கன்டெய்னரில் இறங்கும் அமெரிக்க ஏல வண்டிகள், திபிலீசியின் எலியாவா சந்தையில் கிடைக்கும் பாகங்களோடு பட்டறைகளில் கூடி, ருஸ்தாவியின் பரந்த திறந்தவெளிச் சந்தையில் அர்மேனியா, அஜர்பைஜான், கஜகஸ்தான் நாட்டு வாங்குவோர் முன் நின்றன. கார் ஆலை ஒன்றும் இல்லாத அந்நாட்டின் ஏற்றுமதிப் பட்டியலில் 2012 வாக்கில் கார்கள் முதலிடம் பிடித்தன.

நியூஜெர்சியில் ஒரு பட்டறையின் மணிக்கணக்குக் கூலியில் தோற்ற கார் ருஸ்தாவியின் கூலியில் வென்றது. அங்குப் பணிபுரிந்த டிங்கரிங் தொழிலாளர் பலரின் திறமை மதிக்கத்தக்கது. ஆனால் விரிந்த ஏர்பேக்கின் இடத்தை வெறும் மூடியால் அடைத்து, எச்சரிக்கை விளக்கை மட்டும் அணைத்துவிடும் பட்டறைகளும் இத்தொழிலில் உண்டு. பரிசோதனை இல்லாதிருந்த காலத்தில் அந்நாட்டில் அதைத் தடுக்க யாரும் இருக்கவில்லை. அயல்நாட்டு விதிகளே சந்தையை ஆட்டிப்படைத்தன: அஜர்பைஜான் 2014 ஏப்ரலில் யூரோ 4 புகைக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்ததும் அந்த வாடிக்கை சுருங்கிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தோடு செய்துகொண்ட உடன்படிக்கையின் பேரில் ஜார்ஜியா 2018, 2019 ஆண்டுகளில் பரிசோதனையைப் படிப்படியாக மீட்டது. உக்ரைன் போர் தொடங்கிய பின், 2023 ஆகஸ்டு முதல் அமெரிக்காவிலிருந்து வந்த கார்களை ரஷ்யாவுக்கு மறுஏற்றுமதி செய்வது நிறுத்தப்பட்டது. கஜகஸ்தானும் கிர்கிஸ்தானும் பெரும் வாடிக்கை நாடுகளாயின.

எல்லை தாண்டும்போது அமெரிக்கச் சான்றிதழின் முத்திரை புதிய நாட்டின் பதிவுக் காகிதத்தில் ஏறுவதில்லை. ஆயினும் இணைய ஏலம் எதிர்பாராத ஒரு சாட்சியை விட்டுச்சென்றது. விற்பனைக்காக எடுக்கப்பட்ட படங்கள், நசுங்கிய முன்புறமும் விரிந்து தொங்கும் ஏர்பேக்கும் உட்பட, சேஸிஸ் எண்ணோடு பல தளங்களில் தங்கிவிட்டன. கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கில் ஒரு கார் வாங்குபவர் அந்தப் 17 குறிகளைத் தட்டி, தம்முன் பளபளக்கும் வண்டி அமெரிக்கக் களத்தில் எந்நிலையில் கிடந்தது என்று பார்த்துவிட முடிகிறது. அரசுகள் கட்ட முயன்று தாமதித்த பதிவேட்டின் வேலையை, சட்டம் எதுவும் கேளாமலேயே, ஏலப் படங்கள் ஓரளவுக்குச் செய்கின்றன. அப்படங்களைக் கட்டணம் பெற்றுக்கொண்டு தளங்களிலிருந்து நீக்கித் தருவதாக விளம்பரம் செய்வோரும் இப்போது இவ்வணிகத்தின் ஒரு பிரிவாகிவிட்டனர்.