எட்டாத ஏணி

என் நாவல் ஒன்றில் வீடு தீப்பற்றும் காட்சி எழுத வேண்டியிருந்தது. நெருப்பைப் பற்றி நாலு விஷயம் தெரிந்துகொள்ளலாமே என்று புத்தகங்களைப் புரட்டப் போனவன், நியூயார்க் நகரத்துக் கிரேட் ஜோன்ஸ் தெருவிலுள்ள ஒரு தீயணைப்பு நிலையத்தின் வாசலில் போய் நின்றுவிட்டேன். புத்தகத்தில்தான் நின்றேன், நேரில் பார்க்கும் பாக்கியம் இல்லை. நாவலில் அந்த வீடு இன்னும் எரியாமலே இருக்கிறது.

இந்த நிலையத்தின் கதைக்கு முன்னால் ஒரு கூத்து உண்டு. 1865 வரையில் நியூயார்க்கில் சம்பளம் வாங்கித் தீயணைப்பவர்கள் கிடையாது. பேட்டைக்குப் பேட்டை வாலிபர்கள் கூடிக் 'கம்பெனி' அமைத்துக்கொண்டார்கள். கம்பெனிக்கு ஒரு கைப்பம்பு வண்டி. வண்டிக்கு ஓர் அலங்காரச் சித்திரம். மணி அடித்தால் தச்சன் உளியைப் போட்டுவிட்டு ஓடுவான், கடைக்காரன் தராசைப் போட்டுவிட்டு ஓடுவான். வண்டியைக் கயிறு கட்டித் தாங்களே இழுத்துக்கொண்டு போவார்கள். யார் முதலில் போய்ச் சேருவது என்பது மானப் பிரச்னை. தெருக்குழாயை எதிர்க் கம்பெனி பிடித்துவிடாதபடி, ஒரு முரடன் முன்னால் ஓடி அதன்மேல் பீப்பாயைக் கவிழ்த்து உட்கார்ந்துகொள்வானாம். வீடு ஒரு பக்கம் எரியும். அடிதடி ஒரு பக்கம் நடக்கும்.

ஆனாலும் அவர்களைப் பார்த்துச் சிரித்துவிட எனக்கு மனம் வரவில்லை. 1835 டிசம்பரில் குழாய்க்குள் தண்ணீர் உறைந்துபோகிற குளிரில், ஆற்றுப் பனிக்கட்டியை உடைத்துத் தண்ணீர் எடுத்து இரவெல்லாம் போராடினார்கள். ஏறத்தாழ 700 கட்டடங்கள் சாம்பலாயின. அதற்காக யாரும் அவர்களுக்குக் காலணா கொடுக்கவில்லை.

அரசியல் மட்டும் கொடுத்தது. ஆறாம் நம்பர் வண்டியின் தலைவராக இருந்த ட்வீட் என்பவர், பின்னால் நகரத்தையே கையில் போட்டுக்கொண்டார். வண்டியில் வரைந்திருந்த புலி, அவருடைய டாமனி கட்சியின் சின்னமாகிவிட்டது!

1865இல் சட்டம் வந்தது. கம்பெனிகள் கலைந்தன, சம்பளப் படை பிறந்தது. அந்த வருஷம் பிறந்ததுதான் 33ஆம் நம்பர் என்ஜின் கம்பெனி. கிரேட் ஜோன்ஸ் தெருக் கட்டடம் 1899இல் அதற்கு வீடாயிற்று. வாசலுக்கு மேலே ஓங்கி வளைந்த பெரிய வளைவு. பிரபுவின் மாளிகை என்றே நினைக்கத் தோன்றும். படை முழுவதற்கும் தலைவரான எட்வர்ட் குரோக்கர் அங்கேயே குடியிருந்தார். டாமனி கட்சித் தலைவர் ரிச்சர்ட் குரோக்கருடைய சகோதரரின் மகன். சிபாரிசில் வந்த ஆசாமி என்று வாசகர்கள் முடிவு கட்டிவிடலாம்; நானும் முதலில் கட்டினேன். ஆனால் நெருப்பைத் தவிர வேறு நினைப்பில்லாத மனிதர் அவர். 85 அடிக்கு மேல் தம் படையால் தீயை அணைக்க முடியாது என்று 1910இல் விசாரணைக் கமிட்டியின் முன் சொல்லியிருந்தார்.

ஊரோ மேலே மேலே கட்டிக்கொண்டு போயிற்று. வேடிக்கையைப் பாருங்கள்: தீயணைப்பு நிலையத்தை வரைந்த எர்னஸ்ட் பிளாக்தான், 1908இல் 612 அடி உயர ஸிங்கர் கட்டடத்தையும் வரைந்தவர். உலகத்திலேயே அன்று அதுதான் உயரம்.

1911 மார்ச் 25, சனிக்கிழமை மாலை. நிலையத்திலிருந்து சில தெருக்களே தள்ளியிருந்த பத்து அடுக்குக் கட்டடம். மேல் மூன்று அடுக்குகளில் பெண்கள் அணியும் சட்டை தைக்கும் டிரையாங்கிள் தொழிற்சாலை. வேலை செய்தவர்கள் பெரும்பாலும் பிழைக்க வந்த யூத, இத்தாலியக் குடும்பத்துப் பெண்கள். எட்டாம் அடுக்கில் தீ பிடித்தது. ஒன்பதாம் அடுக்கில் ஒரு கதவு பூட்டியிருந்தது. வண்டிகள் தாமதமில்லாமல் வந்தன. ஏணியைத் தூக்கி நீட்டினார்கள். ஆறாம் அடுக்கோடு அது நின்றுவிட்டது.

ஜன்னல் விளிம்பில் நின்ற பெண்கள் அந்த ஏணியைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள் அல்லவா? கதை எழுதுகிற எனக்கு அதற்கு மேல் எழுத வரவில்லை. குதித்தவர்களின் வேகத்தில், பிடித்த வலைகள் கிழிந்தன. அரை மணிக்குள் தீ அடங்கிவிட்டது. இறந்தவர்கள் 146 பேர்.

குரோக்கர் அந்த வருஷமே பதவியை விட்டார். தீயை அணைப்பதை விட்டுத் தீ வராமல் தடுக்கும் தொழிலை ஆரம்பித்தார். தொழிற்சாலைகளுக்குப் புதுச் சட்டங்கள் வந்தன: தானே தண்ணீர் தெளிக்கும் குழாய்கள், தீ ஒத்திகை, திறந்திருக்க வேண்டிய கதவு.

குதிரைகள் போய் மோட்டார் வந்தது. அதே வீட்டுக்கு ஒன்பதாம் நம்பர் ஏணிக் கம்பெனியும் குடிவந்து சேர்ந்தது. 2001 செப்டம்பர் 11 காலை, 110 அடுக்குக் கோபுரங்களில் தீ என்று மணி அடித்தபோது இரண்டு கம்பெனியாரும் புறப்பட்டார்கள். நியூயார்க்கின் ஏணி வண்டிகள் அன்றும் ஏறத்தாழ 100 அடிதான் எட்டும். ஆகவே வண்டிகளைத் தெருவில் நிறுத்திவிட்டு, குழாயைத் தோளில் சுமந்து, படிக்கட்டில் ஏறினார்கள். அந்த வளைவுக்குக் கீழிருந்து போனவர்களில் 10 பேர் திரும்பவில்லை.