வரிக்கிடங்கில் ஈட்டுச் சரக்கு: முசிறிப் பாப்பிரஸ் மறுவாசிப்பு

ஒரு பக்கம் கடன் ஒப்பந்தமும் மறுபக்கம் சரக்குக் கணக்குமாக இந்திய வணிகத்தைப் பேசும் ஆவணமான முசிறிப் பாப்பிரஸைப் பற்றி எழுதுகிறவர்களில் பலர் அதைப் புரட்டிப் பின்பக்கத்தைத்தான் முதலில் படிக்கிறார்கள். ஹெர்மபொல்லோன் என்ற கப்பலின் சரக்கு மதிப்பு அங்கே இருக்கிறது: கங்கைச் சடாமாஞ்சில் 60 பெட்டி, பெட்டிக்கு 4,500 திராக்மா, யானைத் தந்தம், கடைசியில் மொத்தமாக 1,154 தாலந்து 2,852 திராக்மா. ஏறத்தாழ 69 லட்சம் திராக்மா. கால்பங்குச் சுங்கம் போக நின்ற மதிப்பு இது என்பது பொதுவான கருத்து. இவ்வளவு பெரிய தொகை கண்ணை மறைத்ததால், முன்பக்கத்துக் கடன் ஒப்பந்தம் இந்திய வணிகத்தில் புரண்ட செல்வத்துக்கு ஒரு துணைச்சான்றாகவே சுருங்கிப்போனது.

முன்பக்கத்தை எடுத்துக்கொண்டவர்களும் ஒரே கேள்வியைச் சுற்றிவந்தார்கள். கி.பி. 2ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த இந்த ஒப்பந்தம் முசிறியில் எழுதப்பட்டதா, அலெக்சாண்டிரியாவிலா? 1985இல் வியன்னாவிலிருந்து இது பதிப்பிக்கப்பட்டது முதல் தொடரும் வழக்கு. அலெக்சாண்டிரியா என்போர் பக்கமே வலுவாகத் தோன்றுகிறது. ஆனால் எழுதிய ஊரைத் தீர்மானிப்பதால் ஒப்பந்தம் என்ன வேலை செய்தது என்பது விளங்கிவிடாது.

எஞ்சியுள்ள வரிகளை வரிசையாகப் பார்க்கலாம். அவற்றில் கடல் இல்லை. புயல், கப்பற்சேதம், பருவக்காற்று எதுவும் இல்லை. சரக்கு செங்கடற்கரையில் இறங்கியபின் நடப்பதே பேச்சு. கடனாளி ஒட்டகக்காரரை ஏற்பாடு செய்கிறார். காவலுடன் பாலைவனம் கடந்து, நைல் கரையிலுள்ள கோப்டோஸில் அரசின் வரி வாங்கும் கிடங்கில் சரக்கைச் சேர்க்கிறார். அங்கே அது கடன் கொடுத்தவரின், அல்லது அவருடைய முகவர்களில் அப்போது இருப்பவரின், ஆளுகைக்கும் முத்திரைக்கும் உட்படுகிறது. ஆற்றில் ஏற்றும் நாள் வந்ததும் பழுதில்லாத படகு பார்த்து ஏற்ற வேண்டும். அலெக்சாண்டிரியாவில் மறுபடியும் வரிக்கிடங்கு, மறுபடியும் அதே முத்திரை. ஒட்டகக் கூலியும் படகுக்கூலியும் கடனாளி தலையில். (அந்த ஒட்டகக்காரர் கடன் கொடுத்தவரின் ஆள் என்று கொள்ளும் வாசிப்பும் உண்டு. வரியின் தொடக்கம் சிதைந்திருப்பதால் அதன்மேல் எதையும் கட்ட இக்கட்டுரை துணியவில்லை.)

முத்திரை விழும் இடங்களைக் கவனித்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. எஞ்சிய பகுதியில் கடன் கொடுத்தவரின் முத்திரை கப்பலிலோ துறைமுகத்திலோ விழவில்லை. இரண்டு இடங்களில் விழுகிறது. இரண்டும் அரசின் வரிக்கிடங்குகள். 25 சதவீத வரியை வணிகத்தின் மீதான வெறும் சுமையாக எழுதிவந்த மரபுக்கு இது இடிக்கிறது. கோப்டோஸிலும் அலெக்சாண்டிரியாவிலும் கடன் கொடுத்தவர் தனிக்கிடங்கு கட்டி ஆள் போட வேண்டியிருக்கவில்லை. வரி வசூலாகும்வரை சரக்கை வெளியே விடாதிருப்பதில் அரசுக்கே அக்கறை உண்டு. அந்த அக்கறையின் மேல் கடன் கொடுத்தவர் தன் முத்திரையை வைத்தார். வரி கட்டாத சரக்கு சுங்கக் கிடங்கில் கிடக்க, அதையே ஈடாகக் கொண்டு வங்கி கடன் தரும் ஏற்பாட்டை இன்றைய துறைமுக நகரங்களில் எவரும் அறிவர்.

இடைப்பட்ட பாலைவனம் லேசானதல்ல. கோப்டோஸிலிருந்து செங்கடல் துறைமுகமான பெரெனிகே 257 மைல் என்றும், வெயிலுக்குப் பயந்து பெரும்பாலும் இரவில் நடந்து 12 நாளில் கடப்பார்கள் என்றும் ரோமானிய எழுத்தாளர் பிளினி குறிக்கிறார். அவ்வழியில் சரக்கு கொண்டுபோன நிகானோர் குடும்பத்தின் ஓட்டுச்சில்லு ரசீதுகள் கி.பி. முதல் நூற்றாண்டிலிருந்து கிடைத்துள்ளன. யாருக்காக, எங்கே, எவ்வளவு ஒப்படைக்கப்பட்டது என்பதே அவற்றின் சாரம். கைமாறும் இடத்தில் எழுத்து வேண்டும் என்ற பழக்கம் பாப்பிரஸுக்கு முன்பே ஊறியிருந்தது.

மறுப்புகள் வரும். முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே பயணத்தைப் பற்றியவை அல்ல என்பார்கள்; இருக்கட்டும், மேற்சொன்ன வாதம் பின்பக்கத்தை நம்பியில்லை. இது பெயரெழுதி நிரப்புவதற்கான மாதிரிப் படிவமே என்றால் இன்னும் நல்லது: படிவத்தில் இடம்பெறும் அளவுக்கு அந்த நிபந்தனைகள் வாடிக்கையாகியிருந்தன என்றாகும். கடல் பற்றிய ஷரத்துகள் தொலைந்த பகுதியிலோ, இந்த ஆவணமே சுட்டும் முசிறிக் கடன் ஒப்பந்தங்களிலோ இருந்திருக்கலாம் என்பது கனமான மறுப்பு. அதை முற்றாகத் தள்ள முடியாது. ஆனால் கடனுக்குத் தனி ஒப்பந்தம் இருந்தும் தரைவழியை இவ்வளவு நுணுக்கமாக எழுதியிருக்கிறார்கள் என்றால், கடன் கொடுத்தவர் அஞ்சியது தரையில் சரக்கு கைநழுவுவதையே என்பதில் ஐயம் குறைவு.

தவணை தவறினால் என்ன ஆகும் என்ற பகுதி இதை உறுதிசெய்கிறது. கடன் கொடுத்தவர் முன்னறிவிப்போ வழக்கோ இல்லாமல் சரக்கைக் கைப்பற்றலாம். கால்பங்கு வரியைத் தானே செலுத்தியபின், மீதி முக்கால் பங்கை விரும்பிய இடத்துக்குக் கொண்டுபோகலாம், விற்கலாம், மறு ஈடு வைக்கலாம். விற்ற தொகை அசலுக்குக் கூடினாலும் குறைந்தாலும் அது கடனாளியின் கணக்கு. ஓடிப்போன கடனாளியைத் தேடும் வேலை இதில் இல்லை. சரக்கு ஏற்கெனவே அலெக்சாண்டிரியாக் கிடங்கில், கடன் கொடுத்தவரின் முத்திரையோடு இருக்கிறது.